ஏற்றினால் சரக்கு, இழுத்தால் வண்டி

ஒரு கார் எந்த நேரத்தில் கார் இல்லாமல் போகிறது?

கேள்வி கொஞ்சம் கிறுக்குத்தனமாகத்தான் தெரியும். ஆனால் இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பி இன்னொரு லாரியின் முதுகில் ஏறிய நொடியில் அது 'சரக்கு' ஆகிவிடுகிறது. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் சரக்கு என்றால் என்னவென்று சொல்லும்போது, மனிதர்களையும் பயணிகளின் பெட்டி படுக்கையையும் தவிர்த்து ஒரு வண்டி சுமந்து செல்லும் எல்லாமே சரக்குதான் என்கிறது. ஆடு மாடு, சிமெண்ட் மூட்டை, வாழைத்தார், நேற்று தொழிற்சாலையை விட்டு வந்த புது கார்... எல்லாம் ஒரே ரகம். அதே காரைக் கயிறு கட்டி இழுத்துப் போனால் அது சரக்கு அல்ல. எஞ்சின் செத்துக் கிடந்தாலும் அது வண்டிதான்.

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை பைபாஸ் ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்றால் இரண்டையும் பார்த்துவிடலாம். ஷோரூமுக்குப் புது கார்களைச் சுமந்து வரும் நீளமான கேரியர் லாரி ஒரு பக்கம். எங்கோ மோதி முன்பக்கம் நசுங்கி, ரெக்கவரி வண்டியின் கொக்கியில் தொங்கிக்கொண்டு வொர்க்‌ஷாப்புக்குப் போகும் பழைய கார் இன்னொரு பக்கம். போகும் வழியில் இந்த இரண்டுக்கும் அடிபட்டால் காசு கொடுப்பது யார்? பதில் இரண்டுக்கும் ஒன்றல்ல. ஏன் ஒன்றல்ல என்று தேடிப்போனால் கதை முந்நூறு வருடம் பின்னால் போகிறது.

முதலில் சரக்கின் கதை.

இன்சூரன்ஸ் என்ற தொழில் சாலைக்கு வருவதற்கு முன்பே சாலையில் ஒரு இன்சூரன்ஸ் இருந்தது. அதைக் கொடுத்தவர் வேறு யாருமல்ல, வண்டிக்காரரேதான். 1703-ல் இங்கிலாந்தில் காக்ஸ் எதிர் பெர்னார்ட் என்ற வழக்கில் தலைமை நீதிபதி ஹோல்ட் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கினார். ஊர் மக்கள் யார் வந்து கேட்டாலும் கூலிக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவர், அந்தச் சரக்குக்கு என்ன ஆனாலும் பொறுப்பு. கடவுளின் செயலும் அரசனின் எதிரிகளும் மட்டும்தான் விதிவிலக்கு. ஏன் இவ்வளவு கடுமை? வண்டிக்காரர் வழிப்பறிக் கொள்ளைக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு "ஐயோ, பறித்துக்கொண்டு போய்விட்டார்களே" என்று வந்து நின்றால், வீட்டில் இருக்கும் சரக்குக்காரர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? கண்டுபிடிக்க முடியாது என்பதால் மொத்தப் பொறுப்பையும் வண்டிக்காரர் தலையில் கட்டிவிட்டார்கள்.

1785-ல் இன்னொரு வழக்கு. பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப்ஸ் மூட்டைகள் வழியில் தீயில் எரிந்துபோயின. வண்டிக்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனாலும் அவர்தான் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார் மான்ஸ்ஃபீல்ட் பிரபு. சரக்கு சுமப்பவர் ஒருவகையில் இன்சூரன்ஸ்காரரும்கூட என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பிரீமியம் தனியாகக் கிடையாது, கூலிக்குள்ளேயே அடக்கம்!

இது அப்படியே கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. தாமிரபரணியைக் கடக்க, கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டுப் பாலம் கட்டியது 1843-ல். வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் கரையை எதிர்க்கரையோடு சேர்த்த பாலம் அது. நெல்லைச் சீமையின் பருத்தி மாட்டு வண்டிகளில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். பாலம் வந்து 22 வருடம் கழித்து, 1865-ல், கேரியர்ஸ் சட்டம் வந்தது. சின்னச் சட்டம்தான். அதன் 9-வது பிரிவுக்குத்தான் மவுசு. சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ வண்டிக்காரர் கவனக்குறைவாக இருந்தார் என்று சரக்குக்காரர் நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை என்றது அது. "கொடுத்தேன், சேரவில்லை" என்று காட்டினால் போதும்.

இடையில் ஒரு குழப்பம். 1872-ல் இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்தபோது, பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவர் ஒரு சராசரி மனிதர் தன் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பார்த்துக்கொண்டால் போதும் என்று 151-வது பிரிவு சொன்னது. அப்படியானால் வண்டிக்காரருக்கும் அது போதுமா? பர்மாவில் ஐராவதி நதியில் கப்பல் விட்டுக்கொண்டிருந்த ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1891-ல் தீர்ப்பு: போதாது. சரக்கு சுமப்பவருக்குப் பழைய கடுமையான பொறுப்பேதான். இந்த 'போதும்', 'போதாது' என்ற இரண்டு அளவுகோலையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கொக்கி கதைக்கு வரும்போது மறுபடி தேவைப்படும்.

ரயில் மட்டும் தப்பித்துக்கொண்டது. மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876-ல். 1890-ம் வருட ரயில்வே சட்டம், கேரியர்ஸ் சட்டம் ரயில்வேயைத் தொடாது, ஒப்பந்தச் சட்டத்தின் சராசரி மனிதர் அளவுகோல்தான் ரயில்வேக்கு என்று வைத்துவிட்டது. ஆக, ஒரே ஊரிலிருந்து ஒரே ஊருக்கு ஒரே மூட்டை போனாலும், மாட்டு வண்டிக்காரருக்கு இருந்த பொறுப்பு ரயில்வேக்கு இல்லை. சட்டம் இயற்றியது யார், ரயில் ஓட்டியவர்கள் யாருக்கு வேண்டியவர்கள் என்று யோசித்தால் காரணம் விளங்கும். இந்த ஓரவஞ்சனை 1961-ல் சட்டத்தைத் திருத்தி, 1962 ஜனவரி முதல்தான் சரியானது.

சரி, கார் எங்கே?

கார் இந்தியாவுக்கு வந்ததே சரக்காகத்தான், கப்பலில். அதனால் அதற்கு முதலில் கிடைத்த பாதுகாப்பு மெரைன் இன்சூரன்ஸ். இந்தப் பெயர் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1938-ம் வருட இன்சூரன்ஸ் சட்டம் மெரைன் என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில், நிலத்திலோ நீரிலோ எந்த வழியில் போனாலும் போகும் வழிக்காக இன்சூர் செய்யப்பட்ட சரக்கு எல்லாமே அடங்கும். ஆக, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையில் லாரி ஏறி மதுரை வழியாக வண்ணார்பேட்டை வந்து இறங்கும் கார், கடலைக் கண்ணால்கூடப் பார்க்காது. ஆனால் அதன் மேலிருப்பது மெரைன் பாலிசி!

இந்த வகைப் பாலிசிகளோடு 'இன்லண்ட் டிரான்சிட்' ஷரத்துகள் என்று ஒன்று வரும். அதில் ஏ, பி, சி என்று மூன்று தினுசு. ஏ என்பது ஏறக்குறைய எல்லா ஆபத்துக்கும். பி என்பது தீ, இடி, பாலம் உடைதல், சுமக்கும் லாரி மோதுதல், கவிழ்தல் போன்றவற்றுக்கு. சி இன்னும் சுருக்கம். சரக்கை லாரியில் ஏற்றும்போது பாதுகாப்பு தொடங்குகிறது. போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஒப்படைக்கும்போது முடிகிறது. சாலை வழி என்றால் லாரி அந்த ஊரை அடைந்து 7 நாள் ஆனாலும் முடிந்துவிடும். கார் கம்பெனிகளும் டீலர்களும் ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாகப் பாலிசி எடுப்பதில்லை. வருடம் முழுவதற்கும் சேர்த்து ஒரே 'ஓப்பன்' பாலிசி. அனுப்ப அனுப்பக் கணக்குக் காட்டிக்கொள்வார்கள்.

கார் சுமக்கும் வண்டியை முதலில் செய்தவராகப் பேசப்படுபவர் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் இருந்த அலெக்சாண்டர் விண்டன். 1898-ல் கார் விற்கத் தொடங்கியவருக்கு ஒரு சிக்கல்: வாங்கியவர் வீடு வரை ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தால் அது புது கார் இல்லையே! அதனால் ஒரு காரின் பின்னால் ஒரு மேடையை இணைத்து அதில் ஏற்றி அனுப்பினார்.

நம் ஊரில் நீண்ட காலம் அந்தக் கவலை இல்லை. லாரி, பஸ் சேஸிஸ் என்றால் ஓட்டிக்கொண்டே வந்துவிடுவார்கள். எண்ணூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் அசோக் லேலண்ட் சேஸிஸ்கள், கேபின்கூட இல்லாமல், டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் ஓட்டிவர, பாடி கட்டக் கரூருக்குப் போகும் காட்சியைப் பார்க்காதவர் குறைவு. சொந்த எஞ்சினில் ஓடி வருவதால் அது சரக்கு அல்ல, வண்டி. அதற்கென்று 'மோட்டார் டிரேடு' பாலிசியில் 'ரோடு டிரான்சிட்' என்று தனி வகையே வைத்திருந்தார்கள். 1983-ல் மாருதி, 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் என்று கார்கள் பெருகிய பிறகுதான் தெற்கே வரும் நெடுஞ்சாலையில் கேரியர் லாரிகள் சாதாரணமாகின.

இனி கயிற்றின் கதை.

நின்றுபோன காரை இழுக்கும் தொழிலுக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு. அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் சாட்டனூகா. 1916-ல் அந்த ஊரில் ஒரு ஃபோர்டு மாடல் டி கார் ஓடைக்குள் கவிழ்ந்தது. எர்னெஸ்ட் ஹோம்ஸ் என்ற மெக்கானிக் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு, கட்டையும் கயிறுமாக மல்லுக்கட்டி அதை வெளியே எடுத்தார். இதற்கு ஒரு எந்திரம் வேண்டும் என்று அப்போது தோன்றியதுதான் டோயிங் லாரி. இன்றைக்கு அந்த ஊரில் இதற்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது.

இந்தியச் சட்டம் இழுவையைச் சாலைப் பாதுகாப்புப் பிரச்சினையாக மட்டும்தான் பார்த்தது. 2017 வரை அமலில் இருந்த 1989-ம் வருடச் சாலை விதிகளில் இதற்கென்று ஒரு விதி இருந்தது. இரண்டு வண்டிக்கும் இடையில் கயிறு 5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றது அது. இழுபடும் வண்டியின் ஸ்டியரிங்கில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் முன் சக்கரம் தரையில் படாமல் தூக்கியிருக்க வேண்டியிருந்தது. பின்னால் 'இழுவையில்' என்ற பொருளில் பலகை மாட்ட வேண்டியிருந்தது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டராக இருந்தது. அது என்ன 24? பழைய 15 மைல்தான் கிலோமீட்டர் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. ஆனால் இழுபடும் வண்டிக்கு அடிபட்டால் யார் கொடுப்பது என்று அந்த விதிகளில் தேடினால் கிடைக்காது. அதைப் பாலிசிக் காகிதத்தில்தான் தேட வேண்டும்.

அந்தக் காகிதத்தின் வரலாறும் சுவாரசியமானது. 1939-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம்தான் மூன்றாம் நபர் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்த அத்தியாயம் அமலுக்கு வந்தது 1946 ஜூலை 1-ல்தான். நடுவே ஒரு உலகப் போர். கட்டாயம் என்றதும் பாலிசி விற்பனை பெரிய தொழிலானது. மதுரையில் பஸ், லாரி என்று வளர்ந்த டி.வி.எஸ். குழுமமே மெட்ராஸ் மோட்டார் அண்டு ஜெனரல் இன்சூரன்ஸ் என்ற கம்பெனியை நடத்தியது. வண்டி விற்பவர்கள், ஓட்டுபவர்கள், இன்சூர் செய்பவர்கள் எல்லாம் ஒரே குடும்பம்! 1973 ஜனவரி 1-ல் பொது இன்சூரன்ஸ் தேசியமயமானபோது 107 இன்சூரன்ஸ் அமைப்புகள் நான்கு கம்பெனிகளாகச் சுருங்கின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியாவில் 12 இந்தியக் கம்பெனிகளும், 4 கூட்டுறவுச் சங்கங்களும், 5 வெளிநாட்டுக் கம்பெனிகளின் இந்தியத் தொழிலும் கலந்தன. எங்கே எடுத்தாலும் ஒரே விலை, ஒரே வாசகம். டேரிஃப் என்ற அந்த ஏற்பாட்டின் கடைசிப் பதிப்பு 2002 ஜூலையில் வந்தது. 2007 ஜனவரி 1 முதல் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. விலைதான் விடுதலையானது, வாசகம் பெரும்பாலும் அப்படியே தங்கிவிட்டது.

அந்த 2002 வாசகத்தில் இழுவை மூன்று இடத்தில் வருகிறது. யாரும் படிக்காத பக்கங்கள். (படித்தவர்கள் கை தூக்கலாம்!)

முதல் இடம், கார் சொந்தக்காரரின் பாலிசி. விபத்தில் வண்டி நகர முடியாமல் போனால், பக்கத்து வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும் நியாயமான செலவைக் கம்பெனி கொடுக்கும். உச்சவரம்பு காருக்கு 1,500 ரூபாய், பைக்குக்கு 300, ஆட்டோவுக்கு 750, லாரி பஸ்ஸுக்கு 2,500. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பாலிசியில் அடங்கும் சேதத்தால் நின்றிருந்தால்தான் இந்தக் காசு. எஞ்சின் தானாகப் பழுதாகி நின்றால் கிடையாது, ஏனென்றால் இயந்திரப் பழுது பாலிசியிலேயே விலக்கப்பட்டது. இன்றைக்குக் கம்பெனிகள் 'ரோடு சைடு அசிஸ்டன்ஸ்' என்று தனியாகக் காசு வாங்கிக்கொண்டு விற்பது இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

இரண்டாவது இடமும் அதே பாலிசிதான். எந்தெந்த ஆபத்துக்குக் கம்பெனி கொடுக்கும் என்ற பட்டியலில் தீ, திருட்டு, வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் போன பிறகு, சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் இவற்றில் கொண்டுசெல்லப்படும்போது ஏற்படும் சேதம் என்று ஒரு வரி வருகிறது. பார்க்கச் சின்ன வரி. ஆனால் கார் லாரி மேல் ஏறிச் சரக்காகிவிட்ட பிறகும் அதைக் காராகவே நினைத்துக் காப்பாற்றும் வரி இது ஒன்றுதான். கயிற்றில் வரும்போது எதன் மீதாவது மோதினால் அது சாதாரண விபத்துச் சேதத்தில் அடங்கிவிடும். ஆக முழுப் பாலிசி எடுத்தவருக்கு ஏற்றினாலும் பாதுகாப்பு, இழுத்தாலும் பாதுகாப்பு. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்தவருக்கு இரண்டிலும் இல்லை.

மூன்றாவது இடம்தான் வேடிக்கை. இது இழுக்கும் வண்டியின் பாலிசி. லாரி போன்ற வணிக வண்டிகளின் பாலிசியில் 'ஓடாத வண்டிகளை இழுத்தல்' என்று ஒரு தனிப் பகுதியே உண்டு. அதைப் பார்த்து ஒரு கார்க்காரர் நிம்மதியடைந்தால் பாவம். ஓடாத வண்டி ஒன்றை இழுக்கும்போது வெளியாட்களுக்கு ஏற்படும் பாதிப்புக்குத்தான் அது பொறுப்பேற்கிறது. அதற்கும் இரண்டு நிபந்தனை. கூலிக்கு இழுக்கக்கூடாது. இழுபடும் வண்டிக்கோ அதில் உள்ள பொருளுக்கோ ஏற்படும் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல. நடுரோட்டில் உதவி செய்த லாரிக்காரருக்கு 500 ரூபாயை நன்றியோடு கையில் திணித்தால், அந்த 500 ரூபாயே அவருடைய பாதுகாப்பைக் கெடுத்துவிடலாம்! கேரியர் லாரிக்கும் இதே நிலைதான். தன் பொறுப்பில் உள்ள பொருளுக்கும் தான் சுமக்கும் பொருளுக்கும் ஏற்படும் சேதம் மோட்டார் பாலிசியில் அடங்காது. மேலே எட்டு கார் இருந்தாலும் அந்தப் பாலிசிக்கு அவை கண்ணுக்குத் தெரியாது.

அமெரிக்காவில் இந்த இடைவெளியை அடைக்க 'ஆன் ஹூக்' என்றே ஒரு பாதுகாப்பு விற்கிறார்கள். கொக்கியில் மாட்டியது முதல் இறக்குவது வரை, பிறர் வண்டிக்கு இழுவைக்காரர் எடுக்கும் இன்சூரன்ஸ். இங்கே அதற்குக் கிட்ட வருவது, சரக்கு சுமப்பவர்கள் எடுக்கும் 'கேரியர்ஸ் லீகல் லயபிலிட்டி' பாலிசி. எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் என்ன, ஆளைப் பிடித்துக் கேட்கலாமே? கேட்கலாம். இங்கேதான் அந்த இரண்டு அளவுகோல் வருகிறது. ரெக்கவரி வண்டிக்காரரை அவர் கையில் வண்டியை ஒப்படைத்த கணக்கில் பார்த்தால், ஒப்பந்தச் சட்டத்தின் சராசரி மனிதர் கவனம். லாரியில் ஏற்றிய காருக்கு, ஊர் மக்களுக்கெல்லாம் சரக்கு சுமப்பவரின் கடும் பொறுப்பு. முன் சக்கரம் இரண்டையும் தூக்கி, பின் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகிறார்களே, அது? பாதி சரக்கு, பாதி வண்டி என்றுதான் சொல்ல வேண்டும். (பின் சக்கரத்துக்கு விசை போகும் ஆட்டோமேட்டிக் கார் என்றால் இப்படி இழுப்பதே கியர்பாக்ஸைக் காலி செய்துவிடும். அது விபத்தா, இயந்திரப் பழுதா என்று சர்வேயரோடு சண்டை போடலாம்.)

கடும் பொறுப்பு என்று சொன்னது 2011 வரை. லாரி ஆபீஸ் ரசீதில் பொடி எழுத்தில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று அச்சடித்துவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பது பழைய வழக்கம். 2000-ல் நாத் பிரதர்ஸ் எதிர் பெஸ்ட் ரோட்வேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்படி அச்சடித்தாலும் கவனக்குறைவுக்கான பொறுப்பு போகாது என்றது. அதே வருடம் பட்டேல் ரோட்வேஸ் எதிர் பிர்லா யமஹா வழக்கில், 1865-ன் 9-வது பிரிவு நுகர்வோர் நீதிமன்றத்திலும் செல்லும் என்றது. கிழவிச் சட்டம் கடைசிக் காலத்தில் நன்றாகவே உழைத்தது.

பிறகு 2007-ல் சாலைவழிச் சரக்குச் சட்டம் வந்தது. அமலானது 2011 மார்ச் 1. 1865-ன் சட்டம் அன்றோடு முடிந்தது. புதிய சட்டத்தில் நல்லது உண்டு. சரக்கு சுமப்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், கவனக்குறைவை நிரூபிக்க வேண்டாம் என்ற பழைய சலுகையும் தொடர்கிறது, நோட்டீஸ் கொடுக்க 180 நாள். ஆனால் ஒரு வெட்டு விழுந்தது. அதிக ஆபத்துக்கான கூடுதல் கட்டணத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டு அனுப்பினால் ஒழிய, சுமப்பவரின் பொறுப்பு லாரி வாடகையைப் போலப் பத்து மடங்கோடு நின்றுவிடும். அதுவும் சொன்ன மதிப்பைத் தாண்டாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். வேலை மாற்றலாகிச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு வரும் ஒருவர் தன் காரை லாரியில் போட்டு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். காரின் மதிப்பு 8 லட்சம், வாடகை 12,000. லாரி கவிழ்ந்து கார் சுக்குநூறானால் லாரிக் கம்பெனியின் பொறுப்பு 1 லட்சத்து 20 ஆயிரம். மீதி 6 லட்சத்து 80 ஆயிரம்? சொந்தப் பாலிசி இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மான்ஸ்ஃபீல்ட் பிரபு காலத்தில் எட்டு லட்சத்துக்கும் வண்டிக்காரர்தான்! சுமப்பவரே இன்சூரன்ஸ்காரர் என்ற முந்நூறு வருட ஏற்பாட்டை 2011-ல் வாடகைக்குப் பத்து மடங்கு என்று கத்தரித்துவிட்டார்கள். சின்ன லாரிக்காரர் பிழைக்க வேண்டும் என்ற நியாயம் இதில் இருக்கலாம். ஆனால் இதைக் கார் அனுப்புகிறவருக்கு யாரும் சொல்வதில்லை என்பது நியாயமே இல்லை. வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்பவர்கள் பில்லில் 'டிரான்சிட் இன்சூரன்ஸ்' என்று ஒரு தொகை போடும்போது, இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த பாலிசி எண் அதில் இருக்கிறதா என்று கேட்காமல் விடுவது ஆபத்து. எண் இல்லையென்றால் அது வெறும் ஒரு வரிதான்.

சொந்த இன்சூரன்ஸ் கம்பெனி காசு கொடுத்துவிட்டால் கதை முடிந்துவிடுமா? முடியாது. கொடுத்த கம்பெனி, கார்க்காரரின் இடத்தில் நின்று லாரிக்காரரைத் துரத்தலாம். இதற்கு வணிகவியல் பாடப் புத்தகத்தில் 'சப்ரோகேஷன்' என்று பெயர். பரீட்சைக்கு ஐந்து மார்க். நடைமுறையில் அது ஐந்து நீதிபதிகள் உட்கார வேண்டிய விஷயமாக ஆனது. தமிழ்நாட்டின் சரண் ஸ்பின்னிங் மில்ஸ் அனுப்பிய நூல் லாரி விபத்தில் சேதமானது. இன்சூரன்ஸ் கம்பெனி மில்லுக்குப் பணம் கொடுத்தது. பிறகு மில்லும் இன்சூரன்ஸ் கம்பெனியும் சேர்ந்து, சரக்கு ஏற்றிய எகனாமிக் டிரான்ஸ்போர்ட் மேல் நுகர்வோர் வழக்குப் போட்டன. 2000-ல் வந்த வேறொரு தீர்ப்பு இதற்குக் குறுக்கே நின்றது. 2010 பிப்ரவரியில் அரசியல் சாசன அமர்வு, சரக்குக்காரரோடு சேர்ந்தோ அவர் பெயரிலோ இன்சூரன்ஸ் கம்பெனி இப்படி வழக்காடலாம் என்று முடிவு சொன்னது. இன்றைக்கு லாரியில் உடைந்த காருக்கு கிளெய்ம் வாங்குபவர் கையெழுத்துப் போடும் காகிதங்களில் ஒன்று இந்தத் துரத்தும் உரிமைக்கானது.

போலீஸ் இழுத்துப் போனால்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவு, பொது இடத்தில் 10 மணி நேரம் கேட்பாரற்று நின்ற வண்டியையும், நிறுத்தக்கூடாத இடத்தில் நின்ற வண்டியையும் இழுத்து அகற்றலாம் என்கிறது. இழுத்த செலவும் வண்டிக்காரருடையதுதான், அபராதம் தனி. இழுக்கும்போது பம்பர் கழன்றால் யார் கொடுப்பது என்று அந்தப் பிரிவு பேசவில்லை.

இதெல்லாம் காகிதத்தில் படிக்கும்போது தூரத்து விஷயமாகத் தோன்றும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அப்படித் தோன்றவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து திறந்த நீரும் சேர்ந்து தாமிரபரணி கரை புரண்டது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் மூழ்கியது, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குள் தண்ணீர், வண்ணார்பேட்டையின் ஆற்றோரத் தெருக்களிலும் தண்ணீர். வடிந்த பிறகு சேற்றில் நின்ற வண்டிகளை வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும். கிடைத்த டிராக்டர், கிடைத்த கயிறு, கிடைத்த லாரி.

இந்த மாதிரி நேரத்தில் முதல் ஆபத்து கயிறு கட்டுவதற்கு முன்பே வந்துவிடுகிறது: "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே" என்ற ஆசை. வெள்ளம் பாலிசியில் அடங்கும். ஆனால் தண்ணீர் புகுந்த எஞ்சினைச் சுற்றவிட்டுக் கனெக்டிங் ராடு வளைந்தால், அது வெள்ளத்தின் நேரடிச் சேதம் அல்ல, பின்விளைவு என்று சொல்லிக் கம்பெனி கையை விரிக்கும். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக வாங்கியவர்கள் மட்டும் தப்பலாம். விபத்துக்குப் பிறகு சரி செய்யாமல் ஓட்டினால் கூடுகிற சேதம் சொந்தக்காரர் தலையில் என்றும் பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு.

இரண்டாவது ஆபத்து கயிறு. கூலிக்கு இழுக்கும் டிராக்டரின் பாலிசி, இழுபடும் காருக்குப் பத்துப் பைசா தராது. வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு இழுவையில் பின்பக்கமும் நசுங்கினால், கணக்கில் அது இரண்டாவது விபத்து. சர்வேயர் இரண்டையும் தனித்தனிக் கிளெய்மாகப் பிரித்தால், பாலிசிதாரர் தன் பங்காகக் கட்ட வேண்டிய கட்டாயத் தொகையும் இரண்டு தடவை கழியும். எது தண்ணீர் செய்தது, எது கயிறு செய்தது என்று அப்போது காட்டக்கூடியது ஒன்றுதான்: கொக்கி மாட்டுவதற்கு முன்னால், நம்பர் பிளேட் தெரிய, நான்கு பக்கமும் செல்போனில் எடுத்த படம்.